மகள் பாட்டுப் படித்த மூணு வருசம்

"பாட்டுப் படிச்சு என்னத்தச் சாப்பிடப் போறா?"

மூன்று வருசமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால் சொசைட்டியில் கேட்டார்கள். உரக்கடையில் கேட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே கேட்டார். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நெல்லுப் போட்டு நீ என்னத்தச் சாப்பிடுறே என்று திருப்பிக் கேட்டால் எனக்கும் உடனே கணக்குச் சொல்லத் தெரியாது.

மகள் இப்போது கடைசிப் பரீட்சையும் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வழக்கமாக இங்கே தண்ணீர், உரம், தேங்காய் விலை என்று எழுதுவேன். இந்தத் தடவை அவள் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். வயல் சங்கதி இல்லாமல் போகாது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். பெரியாறு வாய்க்கால் பாசனம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம் என்று பேப்பரில் போடுவார்களே, அதில் என் பங்கு இரண்டரை ஏக்கர். வாடிப்பட்டி மேளத்தைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அந்த மேளத்துக்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டுமென்றால் குரல் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். என் மகள் குரல் அப்படித்தான். எட்டாவது படிக்கும்போதே மாரியம்மன் திருவிழாவில் மைக்கைப் பிடித்தாள் என்றால், களத்துமேட்டில் இருக்கிறவன் கூட யார் பிள்ளை என்று கேட்பான்.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க். பி.காம். சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அவள், "இசைப் படிப்பு இருக்குப்பா, அதுதான் படிப்பேன்" என்றாள். விசாரித்ததில் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. பேர் வேண்டாம். பெரிய கட்டடம் கிடையாது. வேப்பமரம், ஒரு சின்னக் கோயில், ஓட்டுக் கட்டடத்தில் இசைத்துறை. மூன்று வருசமும் சேர்த்து அந்தத் துறையில் 31 பிள்ளைகள். இவள் வகுப்பில் 9 பேர்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் நேராகவே கல்லூரி முதல்வர் அம்மாவிடம் கேட்டேன். "காலைல பிரேயர் இருக்குங்க. வர்றதும் வராததும் உங்க பிள்ளை இஷ்டம். ஆனா காலைல அஞ்சு மணிக்குச் சாதகம் இருக்கு, அதுக்கு வந்தே ஆகணும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கறவை மாட்டை விற்று முதல் வருச பீசைக் கட்டினேன்.

முதல் மாதமே போனில் அழுகை. வகுப்பில் இவளைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். திருவிழாக் குரலில் எடுத்துப் பாடியிருக்கிறாள். குழுப்பாட்டுச் சொல்லித்தரும் வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல குரல்மா. பாடும்போது பக்கத்துல நிக்கிற பிள்ள பாடுனது உனக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டாராம். கேட்கவில்லை. "அப்ப அந்தப் பிள்ளைக்கும் உன்னால எதுவும் கேட்டிருக்காது. முதல்ல அதைப் படிப்போம்." பாட வந்த இடத்தில் கேட்கச் சொல்கிறார்களே என்று இவளுக்கு ஆத்திரம்.

அந்தக் கல்லூரியில் ரெண்டு விதமாகவும் சொல்லித்தருவார்கள். கர்நாடக சங்கீதம்தான் படிப்பு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஆரம்பப் பாடமெல்லாம் மாயாமாளவகௌளை என்ற ஒரே ராகத்தில், மூன்று வேகத்தில். மூன்றாவது வேகத்தில் எல்லாரும் ஓடிவிடுவார்களாம். முதல் வேகத்தில் மெதுவாக நின்று பாடும்போதுதான் சுருதி விலகுவது தெரியுமாம். உழவுக்கும் அதே கதைதான். டிராக்டர்காரன் வேகமாக ஓட்டினால் பார்க்க அழகாக இருக்கும். மேடு பள்ளம் தண்ணீர் விட்டால்தான் தெரியும்.

இதோடு மேல்நாட்டு முறையில் குழுப்பாட்டும் உண்டு. அதில் குரலை நாலாகப் பிரிப்பார்கள். பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களில் டெனர், பேஸ். இந்த ஊர் கோயில்களில் இதை எழுதிப் படிக்க டானிக் சொல்ஃபா என்றொரு முறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்ற பாதிரியார் பரப்பியது. அஞ்சு கோடு, புள்ளி என்று எதுவும் வேண்டாம். டோ, ரே, மி என்பதற்கு ஒவ்வோர் எழுத்து, தாளத்துக்கு முக்கால்புள்ளி, அவ்வளவுதான். காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும். பியானோ வாங்க முடியாதவர்களும் பாட்டு வாசிக்கட்டும் என்று வந்த முறை, மிஷனரிகள் போன இடத்துக்கெல்லாம் போயிருக்கிறது. நம்ம ஸ மாதிரியே அவர்கள் டோவையும் எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் இவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

வாத்தியார் இவளை ஆல்டோவில் போட்டார். அன்றைக்கும் போனில் அழுகை. "அப்பா, மெட்டே இல்லாத வரியக் குடுத்துட்டாங்க. பாட்டோட மெட்டு பூரா சொப்ரானோகாரிகளுக்கு. எனக்கு ஒரே சுரத்துலயே நாலு தடவை, அப்புறம் ஒண்ணு கீழ, மறுபடி அதே சுரம்." ஊரே கைதட்டின பிள்ளைக்கு இது அவமானமாக இருந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு நானும் எங்க அம்மாவும் போயிருந்தோம். முப்பது பிள்ளைகள் வெள்ளை உடுத்தி நின்று பாடினார்கள். எங்க அம்மா என் காதில், "நம்ம பிள்ள குரல் எங்கடா? வாயத் தொறக்குறா, சத்தத்தக் காணோம்" என்றது. எனக்கும் கேட்கவில்லை. முடிந்து டீ குடிக்கும்போது வாத்தியாரிடமே அம்மா இதைக் கேட்டுவிட்டது. அவர் சிரித்துவிட்டு, அங்கேயே நின்றிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு அதே பாட்டைப் பாடச் சொன்னார். பாதியில் கையைக் காட்டி ஆல்டோவை மட்டும் நிறுத்தினார். மெட்டு அப்படியே இருந்தது. ஆனால் பாட்டு ஓட்டையாகிவிட்டது. மேல்குரல் ஒரு பக்கம், ஆண்குரல் ஒரு பக்கம், நடுவில் ஒன்றுமில்லை. திரும்பக் கை காட்டினார், ஆல்டோ வந்தது, பாட்டு நிறைந்தது.

"வரப்பு மாதிரி" என்றது எங்க அம்மா. "வெளஞ்ச வயலப் பாத்து யாரும் வரப்பு நல்லாருக்குன்னு சொல்றதில்ல. வரப்பு இல்லாட்டித் தண்ணி நிக்காது."

வாத்தியார் அதற்கப்புறம் வகுப்பில் ஆல்டோக்காரர்களை வரப்பு என்றே கூப்பிட்டதாக மகள் சொன்னாள். அதற்குப் பிறகு போனில் அழுகை வரவில்லை.

இரண்டாவது வருசம் அணையில் தண்ணீர் இல்லை. முதல் போகம் போடவில்லை. கிணற்றை நம்பி ஒரு ஏக்கர் மட்டும் போட்டேன். பீஸ் கட்டும் தேதி வந்தது. மகளே போன் செய்து, "ஒரு வருசம் நின்னுட்டு அப்புறம் சேர்ந்துக்கிறேன்பா, மில்லுக்கு வேலைக்குப் போறேன்" என்றாள். எனக்குத் தெரிந்து ஒரு வருசம் நின்ற பெண்பிள்ளைகள் யாரும் திரும்பப் போனதில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போய் முதல்வர் அம்மாவைப் பார்த்தேன். சின்னக் கல்லூரியில் ஒரு வசதி, தகப்பன் எதற்கு வந்திருக்கிறான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பீசை மூன்று தவணையாக்கிக் கொடுத்தார். சனி, ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்தால் விடுதிச் சாப்பாட்டுக் காசில் கழித்துக்கொள்ளலாம் என்றார். மகள் இருபது வாண்டுகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவளுடைய சரளி வரிசை உருப்பட்டதே அதற்குப் பிறகுதான் என்று அவளே சொல்வாள்.

அந்த வருசம் அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் பழைய கதைகளாகச் சொல்வாள். எனக்கு அதில் இரண்டு பேர் கதை பிடித்துப்போனது.

ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியார் அவரைச் சின்னப் பையனாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார். அதே பாதிரியாரிடம் கூடப் படித்தவர் பின்னால் தஞ்சாவூர் ராஜாவான சரபோஜி. வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் படித்தவர் வெள்ளைக்காரப் பாட்டையே திருப்பிப் பாடவில்லை. நம்ம ராகத்தில், நம்ம தாளத்தில் கீர்த்தனை எழுதினார். நம்ம ஊர்க் குறவஞ்சியை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார்.

இன்னொருவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். வாத்தியார் படிப்புப் படித்தது எங்களுக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லில், ஒரு கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளியில். அப்புறம் தஞ்சாவூரில் சித்த மருந்து செய்து விற்றுச் சம்பாதித்தார். அந்தக் காசை இசை ஆராய்ச்சியில் கொட்டினார். தன் செலவில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய புத்தகம் போட்டார். 1916இல் பரோடாவில் நடந்த மாநாட்டுக்கு மகள்களையும் கூட்டிப்போய், தன் கணக்கை அவர்களை விட்டு இசைத்துக் காட்டச் சொன்னார். இத்தனைக்கும் நடுவில் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் பெரிய தோட்டம் போட்டு விவசாயமும் பார்த்தார். "பாத்தியாப்பா, சம்சாரிக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தம் இருக்கு" என்று மகள் என்னைச் சீண்டுவாள்.

இனி வயல் சங்கதி.

மூன்றாவது வருசம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆய்வு செய்து, கடைசியில் ஒரு மணி நேரம் மேடையில் பாடிக் காட்ட வேண்டும். மகள் நம்ம ஊர் நடவுப் பாட்டை எடுத்தாள். எங்கள் பக்கம் நடவு மெஷின் வந்து வருசக்கணக்காகிறது. தட்டில் பாய் நாற்றங்கால் விட்டு, 15 நாள் நாற்றை மெஷின் ஒரு ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்தில் நட்டுவிட்டுப் போய்விடும். கை நடவென்றால் ஏக்கருக்கு 12, 15 பேர் வேண்டும். ஆள் கிடையாது. மெஷின் சத்தத்தில் யார் பாடுவது? இப்போது 30 வயதில் இருக்கும் பெண்கள் நடவுப் பாட்டைக் காதால் கேட்டிருப்பார்கள், பாடியிருக்க மாட்டார்கள்.

ஊரில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற ஆள் ஒருவர்தான் மிச்சம். காலனியில் இருக்கிறார். எழுபத்தைந்து தாண்டியிருக்கும். இங்கே பாட்டுக்காரம்மா என்று எழுதுகிறேன். ஊரில் சின்னப் பிள்ளைகள் கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மகள் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அப்பத்தா, பாட்டுச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். விடுதியில் யாரையும் முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகிய பழக்கம். அவர் பயந்து எழுந்துவிட்டாராம். ஊரில் நாலு பேர் என்னிடம் வந்து, "பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்றார்கள். "பாட்டுக் கத்துக்கப் போறா. கத்துக்கிற இடத்துல மரியாதையாத்தான் கூப்பிடணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் திண்ணையில் பாட்டு வரவில்லை. போனை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். இரண்டு அடி வரும், நின்றுவிடும். "கையில நாத்து இல்லாம எப்படித் தாயி பாட்டு வரும்?" என்றார் பாட்டுக்காரம்மா.

மகள் என்னிடம் வந்தாள். அந்தப் போகத்துக்கு கோ 51 போட்டிருந்தேன். மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. நல்ல வேளையாக ஓரத்தில் 20 சென்ட் துண்டு ஒன்று, மெஷின் திரும்ப இடமில்லாதது, அதற்குக் கை நாற்று விட்டிருந்தேன். அதில் நடலாம் என்றேன். பாட்டுக்காரம்மா, அவரோடு இன்னும் மூன்று வயசாளிகள், எங்க அம்மா, மகள், அவள் கூடப் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அந்த இரண்டும் சேற்றில் கால் வைத்ததே இல்லை.

காலை ஏழு மணிக்குக் குலவை போட்டு இறங்கினார்கள். பத்து நிமிசம் சத்தமில்லை. அப்புறம் பாட்டுக்காரம்மா ஒரு அடி எடுத்தார். மற்ற கிழவிகள் வாங்கிப் பாடினார்கள். நான் வரப்பில் நாற்று முடி வீசிக்கொண்டிருந்தேன். எங்க அம்மா நடவுக்குப் பாடி நான் கேட்டு இருபது வருசமாவது இருக்கும். மகள் கூப்பிட்ட "அப்பத்தா"வுக்கு இரண்டு கிழவிகள் ஒன்றாகத் திரும்பினார்கள். யாரை என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பதினொரு மணிக்குள் 20 சென்ட் முடிந்தது, 14 பாட்டு வந்திருந்தது.

அன்று ராத்திரி மகள் பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டு எனக்கு விளக்கினாள். அவளுக்கு வகுப்பில் வராத ஒரு விசயம் எடுப்பு. சில பாட்டுகள் தாளம் தட்டியவுடனே தொடங்காது. தட்டு விழுந்து அரை இடம் தள்ளித் தொடங்கும். இரண்டு வருசமாக அதில் மார்க் வாங்காதவள். "அப்பா, இந்தப் பாட்டெல்லாம் அப்படித்தான் தொடங்குது. முதல்ல கை சேத்துக்குள்ள போகுது, அதுதான் தட்டு. கை வெளிய வரும்போதுதான் வாய் தொறக்குது. குனிஞ்சு அமுக்கும்போது மூச்சு விட முடியாதுல்ல? நான் நட்டுக்கிட்டே பாடினப்ப எடுப்பு தன்னால வந்துருச்சு." இன்னொன்றும் கண்டுபிடித்தாள். ஒருத்தர் எடுக்க மற்றவர்கள் வாங்குவது அழகுக்காக இல்லை, எடுப்பவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பதற்கு. அஞ்சு கட்டையில் ஆரம்பித்த பாட்டுக்காரம்மா வெயில் ஏற ஏற அஞ்சரைக்குப் போயிருந்தார். மற்ற மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே ஏறியிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவள் பாடுவது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. கல்லூரியில் முதல் மாதம் இவளிடம் கேட்ட கேள்விக்கு, சேற்றில் நின்ற கிழவிகள் பதில் வைத்திருந்தார்கள்.

பாட்டை எழுதுவதில் சிக்கல் வந்தது. கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் ஒரு காந்தாரம் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சுரத்தை எழுதி, பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டாள்.

அப்புறம் மேடைக்காக ஒரு பாட்டை எடுத்து, படித்த படிப்பையெல்லாம் கொட்டி, நாலு குரலுக்குப் பிரித்து எழுதினாள். கூட்டாளிகளோடு பாடிப் பதிந்து கொண்டுவந்து பாட்டுக்காரம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் முழுசாகக் கேட்டார். "ரொம்ப நல்லாருக்கு தாயி. கோயில் மாதிரி இருக்கு. ஆனா இதப் பாடிக்கிட்டு நட முடியாது."

மகள் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள். அவர்தான் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு பற்றிச் சொல்லியிருக்கிறார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 2005இல் காலமானார். கோயிலுக்குள் கீர்த்தனையும் மேல்நாட்டுப் பாட்டும் மட்டும் இருந்த காலத்தில் கிராமத்து மெட்டையும் பறையையும் கொண்டுவந்தவர். படிக்காத சனங்கள் கேட்டவுடன் பாடி, தங்களுக்கு வேண்டிய மாதிரி மாற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கிற பாட்டுதான் அவர்களுடைய பாட்டு என்பது அவர் கட்சி. ஒரு உலை என்று சொல்வாராம். ஆளுக்கொரு பிடி அரிசி போட்டு, ஒரே பானையில் பொங்கி, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. அதைக் கேட்டுவிட்டு வந்து மகள் எழுதியதைப் பிரித்தாள். சொப்ரானோ, டெனர் வரிகளை எடுத்துவிட்டாள். ஒருத்தர் எடுப்பது, மற்றவர்கள் வாங்குவது, அடியில் ஆல்டோ மட்டும் ஒரே சுரத்தில் நிற்பது. மறுபடி போட்டுக் காட்டியபோது பாட்டுக்காரம்மாவின் வலது கை மடியில் தன்னால் அசைந்ததாம். அதைப் பார்த்த பிறகுதான் மகள் காகிதத்தில் மையால் எழுதினாள்.

மேடை நாளுக்கு வேன் பிடித்து எல்லாரும் போனோம். பாட்டுக்காரம்மாவை முன்வரிசையில் முதல்வர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மகள் அரை மணி நேரம் கர்நாடக சங்கீதம் பாடினாள். வர்ணத்தில் ஒரு இடத்தில் தடுமாறி எடுத்துக்கொண்டாள். அப்புறம் நடவுப் பாட்டு. எடுக்கிற குரலை அவள் கூட்டாளி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, இவள் ஆல்டோவில் போய் நின்றுகொண்டாள். ஊரில் குரல் பெரிசு என்று பேர் வாங்கியவள் அவள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் குரல் எனக்குக் கேட்டது. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து சாப்பாடு. விடுதி மெஸ்ஸில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வேண்டும். பாட்டுக்காரம்மா வாசலில் நின்றுவிட்டு, "எனக்கு இங்கன ஒரு இலையில குடுத்துருங்க தாயி" என்றார். பரிமாறிய பிள்ளைக்கு அவர் சொன்னது விளங்கவே இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்க அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுச் சோறு வைத்தாள். இரண்டு பேரும் அறுபது வருசம் ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் நட்டவர்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேருமே கொஞ்ச நேரம் சோற்றில் கை வைக்கவில்லை. அப்புறம் எங்க அம்மா, "சாப்புடு, ஆறிப்போகும்" என்றது. சாம்பாரில் உப்பு கம்மி என்று இரண்டு பேரும் சேர்ந்து குறை சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு நிம்மதியானது.

ஊருக்கு வந்த பிறகு இது பேச்சானது. எங்க அம்மாவிடமே ஒருத்தர் கேட்டார். "பசிச்சுச்சு, சாப்புட்டோம்" என்றது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மகளுக்கு ஜூனிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் பெரிசில்லை. மில்லுக்குப் போனால் இதைவிடக் கூட வரும். தபாலில் முதுகலை படிக்கப் போவதாகச் சொல்கிறாள். விற்ற மாட்டுக்குப் பதில் ஒரு கன்றுக்குட்டி வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள், பார்க்கலாம். வீட்டில் அவள் பாடுவது முன்னைக்கு இப்போது குறைவு. யாராவது பேசினால் முழுசாகப் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறாள். வாய்க்காலில் மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்து, "அப்பா, தண்ணி குறையுது போல, சுருதி ஏறிருச்சு" என்று உள்ளே இருந்து சொல்கிறாள். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கிறது.

ஆய்வில் ஒரு பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. நாற்றுப் பறிக்கும்போது பாடுவது. அன்றைக்கு நாங்கள் முதல் நாளே நாற்றைப் பறித்துப் போட்டிருந்ததால் அது முழுசாக வரவில்லை. நாற்றங்காலில் உட்கார்ந்தால்தான் வரும் என்கிறார் பாட்டுக்காரம்மா. அவருக்கு இப்போது முட்டி வலி அதிகம், இன்னும் எத்தனை நடவுக்கு இறங்குவார் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த ஜூனில் தண்ணீர் திறந்தால் மெஷினுக்கு விடும் தட்டு நாற்றோடு அரை ஏக்கருக்குக் கை நாற்றும் விடப் போகிறேன். விதை எடுத்து வைத்தாகிவிட்டது. நாற்றுப் பறிக்கும் தேதியை இங்கேயே எழுதுகிறேன். நடத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், பாடத் தெரிந்தவர்கள், கேட்க மட்டும் வருகிறவர்கள், யார் வந்தாலும் சரி. காலை ஆறரைக்கு வயலில் இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில், எல்லாருக்கும் ஒரே பந்தி.